டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார்

பள்ளிக்குக் கோடை விடுமுறை விட்டதும் மதுரை மக்களில் வசதியுள்ளோர் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்குப் பேருந்து ஏறுவது வழக்கம். ஏரியையும் தூண் பாறையையும் கண்டு, மலைப்பூண்டும் யூகலிப்டஸ் தைலமும் வாங்கித் திரும்புகிறோம். அதே மலையில் 1942 முதல் 1944 வரை, எழுபது வயதைக் கடந்த இத்தாலிய மூதாட்டி ஒருவர் தங்கியிருந்து, சின்னஞ்சிறு பிள்ளைகளின் விளையாட்டையும் வேலையையும் நாள்தோறும் கூர்ந்து கவனித்து வந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பாலர் கல்வியில் உலகமே நன்கறிந்த டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார்தாம் அவர்.

தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் வீட்டுக் குழந்தைக்குக் கோடை விடுமுறை என்று ஒன்றில்லை. மே மாதத்திலும் காப்பகத்துக்கே வர வேண்டும். வெயிலுக்கு அஞ்சிக் கதவை அடைத்து, சத்தம் போடாதே என்று அதட்டி, பாயை விரித்து உறங்க வைத்துப் பொழுதைக் கழிப்பதையே பல காப்பகங்களில் காண்கிறோம். அம்மையாரின் பெரும்பணி தொடங்கியதும் இத்தகைய ஓர் இடத்தில்தான். ஆதலின் அவர் வாழ்க்கையை இம்மலரில் நம் மாணவியருக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இத்தாலியில் அங்கோனா நகருக்கு அருகிலுள்ள கியாரவாலே என்னும் சிற்றூரில் 1870 ஆகஸ்டு 31ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை அரசு அலுவலர். தாய் ரெனில்டே படிப்பில் ஆர்வமும் இறைப்பற்றும் மிக்கவர். பெண்ணாய்ப் பிறந்தவள் ஆசிரியையாகலாம், அதற்கு மேல் என்ன வேண்டும் என்று தந்தை எண்ணிய காலத்தில், மகளோ மருத்துவம் படிப்பேன் என்று பிடிவாதமாக நின்றார். தாய் துணை நின்றார். ஆண் மாணவரோடு சேர்ந்து நின்று சவத்தை அறுத்துப் படிப்பது பெண்ணுக்கு அழகன்று என்று கருதப்பட்டதால், மற்றவர்கள் போன பின் தனியே இருந்து அப்பாடத்தைக் கற்றார். 1896இல் ரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவரானார்.

மருத்துவராக மனநோய் விடுதிகளுக்குச் சென்றபோது, மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் வெற்று அறையில் அடைபட்டுக் கிடப்பதைக் கண்டார். உணவு முடிந்ததும் அவர்கள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குகிறார்கள் என்று காவல்காரப் பெண் அருவருப்போடு குறை கூறினாள். அம்மையார் அறையைச் சுற்றிப் பார்த்தார். கையில் எடுத்துப் பார்க்க வேறு ஒரு பொருளும் அங்கே இல்லை. வயிற்றுப் பசியன்று, கைக்கு வேலை இல்லாத பசி என்று அவருக்கு விளங்கிற்று. இதார், செகுவின் என்னும் பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைப் பயின்று, தொட்டும் பொருத்தியும் கற்கும் கருவிகளைச் செய்து கொடுத்தார். அக்குழந்தைகளுள் சிலர் மற்றப் பிள்ளைகள் எழுதும் தேர்விலேயே தேறினர். ஊர் வியந்தது. அவரோ, நல்ல உடலும் அறிவும் உள்ள பிள்ளைகளைப் பள்ளிகள் இவ்வளவு பின்தங்க வைத்திருப்பது எதனால் என்று சிந்தித்தார்.

ரோமையில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி. பெற்றோர் வேலைக்குப் போனபின் குழந்தைகள் மாடிப்படிகளில் ஓடி, புதிதாக வெள்ளையடித்த சுவர்களைப் பாழாக்கினர். கட்டட நிறுவனத்தார் ஓர் அறையை ஒதுக்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யும்படி அம்மையாரை அழைத்தனர். சுவரைக் காப்பதே அவர்கள் நோக்கம்! 1907 ஜனவரி 6, மூன்று அரசர் திருநாளன்று அவ்வறை திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது குழந்தைகள் அழுதுகொண்டும் மிரண்டும் வந்து சேர்ந்தனர். பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சுத்தமாக அனுப்ப வேண்டும் என்று தாய்மாருக்கு நிபந்தனை இருந்தது. “குழந்தைகள் இல்லம்” என்று பின்னர் உலகெங்கும் பரவிய அமைப்பின் தொடக்கம் இதுவே.

செல்வச் சீமாட்டிகள் அழகிய பொம்மைகளைக் கொண்டுவந்து கொடுத்தனர். குழந்தைகள் இரண்டொரு நாள் பார்த்துவிட்டு ஒதுக்கிவிட்டார்கள். அவர்கள் விரும்பியது துடைப்பதும், நீர் ஊற்றுவதும், பொத்தான் போடுவதும், மர உருளைகளை அதனதன் குழியில் பொருத்துவதுமே. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி உருளைகளை எடுப்பதும் பொருத்துவதுமாக ஆழ்ந்திருந்தாள். அம்மையார் மற்றக் குழந்தைகளைப் பாடச் சொன்னார். சிறுமியை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்து முடித்து, நன்றாகத் தூங்கி எழுந்தவள்போல் முகம் மலர்ந்து சுற்றிலும் பார்த்தாள். மற்றொரு நாள் ஆசிரியை வரத் தாமதமாயிற்று. அலமாரி பூட்டப்படாமல் இருந்தது. கலகம் நடந்திருக்கும் என்று பதறி வந்தவர், குழந்தைகள் தமக்கு வேண்டிய பொருளைத் தாமே எடுத்து அமைதியாக வேலை செய்துகொண்டிருப்பதைக் கண்டார். அன்றுமுதல் அலமாரிகள் தாழ்வாகவும் திறந்தும் வைக்கப்பட்டன.

1908 டிசம்பர் 28இல் மெசினா நகரைப் பூகம்பம் அழித்தது. அனாதைகளாய் நின்ற குழந்தைகளை ரோமையில் மரியாயின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் தம் மடத்தில் ஏற்று, அம்மையாரின் முறையைக் கையாண்டனர். பேச்சும் சிரிப்பும் இழந்து வந்த அப்பிள்ளைகள், மடத்துத் தோட்டத்திலும் சிறு சிறு வீட்டு வேலைகளிலும் மெல்லத் தேறினர். இச்சபையை நிறுவிய முத்திப்பேறு பெற்ற திருப்பாடுகளின் மரியன்னை 1865இல் நம் மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்து உழைத்தவர் என்பதையும், உதகையில் அச்சபை பிறந்தது 1877இல் என்பதையும் இங்கே நினைப்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

பார்சலோனா நகரில் வாழ்ந்தபோது அம்மையார் ஞானக் கல்வியையும் இவ்வாறே அமைத்தார். பிள்ளைகள் கோதுமை விதைத்து அறுவடை செய்தனர். திராட்சைக் கொடியும் வளர்த்தனர். திருப்பலிக்குரிய அப்பமும் இரசமும் எங்கிருந்து வருகின்றன என்பதை மண்ணில் கைவைத்து அறிந்தனர்.

அவர் வாழ்க்கையில் துயரமும் இருந்தது. 1898இல் பிறந்த தம் மகன் மாரியோவைத் தாமே வளர்க்க இயலாமல் நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்க நேர்ந்தது. பிள்ளை இளைஞனான பிறகே தாயிடம் வந்து சேர்ந்தார்; அதன்பின் இறுதிவரை அவர் பணியில் துணை நின்றார். முசோலினி தம் பள்ளிகளை அரசியலுக்குப் பயன்படுத்த முற்பட்டதால் 1934இல் இத்தாலியோடு தொடர்பு அறுந்தது. 1936இல் ஸ்பானிய உள்நாட்டுப் போர் அவரைப் பார்சலோனாவிலிருந்தும் துரத்தியது.

காந்தியடிகள் 1931இல் லண்டனில் அவரைச் சந்தித்திருந்தார். 1939 நவம்பரில், பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று மகனுடன் சென்னை வந்தார். அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளில் வகுப்பு. ஏறத்தாழ முந்நூறு பேர் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்து பயின்றனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்வார். சில மாதங்களுக்கென வந்தவர் பல ஆண்டுகள் தங்க நேர்ந்தது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, இருவரும் பகை நாட்டாராயினர். மாரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். தாயின் நடமாட்டத்துக்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. ஆகஸ்டு 31, அவருடைய எழுபதாவது பிறந்தநாளன்று, மகனைத் திருப்பித் தருவதே தக்க பரிசு என்று கருதி அரசப் பிரதிநிதி விடுதலை அளித்தார். அரசப் பிரதிநிதியின் செய்தியில் மாரியோ அவருடைய மகன் என்றே குறிக்கப்பட்டார்.

பிறகே கொடைக்கானல் வாழ்வு. அங்கு மிகச் சிறு குழந்தைகளும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் கலந்திருந்தனர். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன உதவிக்கு இருந்தார். பிள்ளைகள் ஓடைக்கரையிலும் சோலையிலும் நடந்து இலையும் பூவும் பொறுக்கி வந்தனர். பெரியவர்கள் வகை பிரிக்க, சிறியவர்கள் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தே பெயர்களைக் கற்றுக்கொண்டனர். இவ்வுலகின் உயிர்கள் யாவும் ஒன்றையொன்று சார்ந்தவை என்னும் அவருடைய கல்வி நோக்கு இம்மலையில்தான் விரிவடைந்தது.

கொடைக்கானலின் குளிர்ச்சி நம் காப்பகங்களுக்குக் கிடையாது. ஆனால் சான் லொரென்சோவில் ஏழைக் குழந்தைகள் விரும்பியவை நம் வீட்டிலும் உள்ளவைதாம். வெயில் ஏறுமுன் வேப்ப மரத்தடியில் ஓர் அகன்ற பாத்திரத்தில் நீரும், சின்னச் செம்பும், டம்ளர்களும் வைத்தால் மூன்று வயதுக் குழந்தை அரைமணி நேரம் ஊற்றி ஊற்றி விளையாடும். சிந்தியதைத் துடைக்கத் துணியும் பக்கத்தில் இருக்கட்டும். சிறிய விளக்குமாற்றால் உதிர்ந்த வேப்பம்பூவைக் கூட்டலாம். சுளகில் மொச்சையும் புளியங்கொட்டையும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொல்லலாம். மூக்கில் போட்டுக்கொள்ளும் வயதுக் குழந்தைகளுக்கு மட்டும் இது வேண்டாம். நுங்கு தின்று போட்ட கூந்தலில் குச்சி செருகி வண்டி ஓட்டுவதைவிடச் சிறந்த கோடை விளையாட்டு எந்தக் கடையிலும் இல்லை என்பது நம் கருத்து. உச்சி வெயிலில் அறைக்குள் இருக்கும்போது, அம்மையார் கையாண்ட மௌன விளையாட்டு நன்கு பொருந்தும்: எல்லாரும் அசையாமல் அமர்ந்து, அணில் சத்தமும் தெருவில் போகும் ஐஸ் வண்டியின் மணியும் கேட்கிறதா என்று செவி கொடுக்க வேண்டும். பிறகு ஆசிரியை அடுத்த அறையிலிருந்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி மெல்லிய குரலில் அழைக்க, சத்தமின்றி எழுந்து செல்ல வேண்டும். அதட்டிப் பெற முடியாத அமைதியைக் குழந்தைகள் தாமே விரும்பித் தருவார்கள்.

ஒரு செய்தியில் மட்டும் அம்மையாரோடு நமக்கு உடன்பாடில்லை. ஆறு வயதுக்குட்பட்டோருக்கு மாயக் கதைகள் வேண்டாம் என்றார். பேசும் கிளியும் பறக்கும் குதிரையும் வரும் பாட்டி கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவற்றால் கெட்டுப் போனவரை நாம் கண்டதில்லை. மேலும், அவர் பெயரைப் பலகையில் எழுதிவிட்டுக் குழந்தைகளை நாளெல்லாம் பெஞ்சில் உட்கார வைத்து எழுத்து எழுதச் சொல்லும் பள்ளிகளைப் பார்த்திருந்தால் அவர் என்ன செய்திருப்பாரோ!

1946இல் ஐரோப்பா திரும்பியவர், 1947இல் மீண்டும் இந்தியா வந்தார். நம் நாட்டில் அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். இங்கு ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து உருவான அவருடைய புகழ்பெற்ற நூல் 1949இல் அடையாற்றில் வெளியாயிற்று. நோபல் அமைதிப் பரிசுக்கு 1949 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அவர் பெயர் முன்மொழியப்பட்டது; பரிசு கிடைக்கவில்லை. 1952 மே 6ஆம் நாள், நம் ஊரில் அக்னி நட்சத்திரம் தொடங்கும் அந்த நாட்களில், ஹாலந்து நாட்டு நோர்ட்வைக் கடற்கரை ஊரில் இறைவனடி சேர்ந்தார். அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. கல்லறையில் பொறித்துள்ள இத்தாலிய வரிகளும் குழந்தைகளை விளித்தே எழுதப்பட்டவை.