பூஜை அறைக்கு மகாலட்சுமியை அழைத்து வந்தவர்!

வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது, உங்கள் வீட்டு மகாலட்சுமி படத்தை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். தடாகத்தில் மலர்ந்த தாமரையில் நிற்கிறாள் அன்னை. இரு கரங்களில் தாமரை. மற்ற இரு கரங்கள் அபயமும் வரமும் அருள்கின்றன. பட்டுப்புடவையின் மடிப்பு கூடத் தெரிகிறது. அருகில் மாலையோடு ஒரு யானை. எந்த அச்சகத்தில் வாங்கிய படமாக இருந்தாலும் சரி, அந்தச் சாயலுக்கு மூலம் 1896-ல் ஒருவர் தீட்டிய ஓவியம். அவர்தான் ராஜா ரவி வர்மா!

திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரில், 1848 ஏப்ரல் 29 அன்று பிறந்தார். தாயார் உமாம்பா தம்புராட்டி கவிதை பாடுவதில் வல்லவர். தந்தையார் சம்ஸ்கிருத பண்டிதர். புராணக் கதைகளைக் கேட்டே வளர்ந்த பிள்ளை, கரித்துண்டால் வீட்டுச் சுவரெல்லாம் படம் வரைந்து வைக்குமாம். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள, தாய்மாமன் ராஜ ராஜ வர்மா மட்டும் அந்தக் கோடுகளில் இருந்த உயிரைக் கண்டுகொண்டார். அவரும் ஓவியரல்லவா! மருமகனுக்குத் தாமே முதல் குருவானார். 1862-ல், 14 வயதுப் பையனைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று, மகாராஜா ஆயில்யம் திருநாளின் ஆதரவில் சேர்த்தார்.

மூடிய கதவுகள்

நம் ஊர் ஓவியர்கள் அந்நாளில் வண்ணப்பொடியைப் பிசினோடும் நீரோடும் குழைத்துத்தான் தீட்டினார்கள். அது சட்டென்று காய்ந்துவிடும். ஒரு நிறத்தை இன்னொரு நிறத்தோடு இழைத்துக் கொண்டுபோக அவகாசம் இருக்காது. மேல்நாட்டிலிருந்து வந்த தைல வண்ணமோ வேறு விதம். ஆளிவிதை எண்ணெயில் அரைத்த வண்ணம் அது. காய நாள்கணக்கில் ஆகும். கன்னத்தின் வெளிச்சம் மெல்ல மெல்ல நிழலாக மாறுவதையும், பட்டின் பளபளப்பையும், முத்தின் மினுமினுப்பையும் அதில் நிதானமாகக் கொண்டுவரலாம். அடுக்கின் மேல் அடுக்காகப் பூசி, தவறினால் திருத்தவும் செய்யலாம்.

இந்த வித்தையைக் கற்கத் தவித்தார் ரவி வர்மா. ஆனால், கற்றுத்தர ஆள் இல்லை! நீர் வண்ணம் பழக்கிய அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடு, தைல வண்ண ரகசியத்தைச் சொல்ல மறுத்துவிட்டார். அவரிடம் உதவியாளராக இருந்த ஆறுமுகம் பிள்ளை என்பவர், இரவு நேரங்களில் ரகசியமாக வந்து வண்ணக் கலவையைச் சொல்லிக் கொடுத்ததாக ரவி வர்மாவின் சரிதத்தில் ஒரு தகவல் உண்டு. 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் கற்றுத்தர விரும்பவில்லை. மகாராஜா சொன்னதால், தாம் தீட்டும்போது வேடிக்கை பார்க்க மட்டும் சம்மதித்தார். பார்த்தார் ரவி வர்மா. பார்த்ததையெல்லாம் தம் அறையில் மீண்டும் மீண்டும் செய்து பழகினார். ஏகலைவன் கதைதான், போங்கள்!

மூகாம்பிகை சந்நிதியில்...

ஓவியத்தையே தொழிலாகக் கொள்வது என்று முடிவெடுத்ததும், அவர் முதலில் தேடிப் போனது கொல்லூர் மூகாம்பிகையை. 41 நாள் விரதமிருந்து அன்னையை வழிபட்டார். திரும்பும் வழியில், கோழிக்கோட்டில் சப்-ஜட்ஜாக இருந்த கிருஷ்ண மேனோன் குடும்பத்தினர் தங்களைப் படமாகத் தீட்டித் தரச் சொன்னார்கள். ஊதியம் பெற்று அவர் வரைந்த முதல் ஓவியம் அதுதான். ஆண்டு 1870. அடுத்த மூன்றே ஆண்டுகளில், கூந்தலில் மலர் சூடும் நாயர் பெண்ணின் ஓவியம் சென்னைக் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கம் பெற்றது. அதே 1873-ல் வியன்னாவிலும் பரிசு!

1888-ல் பரோடா மகாராஜா சாயாஜிராவ், 14 புராண ஓவியங்களைக் கேட்டார். தெய்வத்துக்கு எந்த உடை? எந்த முகம்? தம்பி ராஜ ராஜ வர்மாவோடு வட நாடெங்கும் சுற்றினார் ரவி வர்மா. ஊருக்கு ஊர் பெண்கள் உடுத்தும் விதம், அணியும் நகை என எல்லாவற்றையும் கவனித்தார். கடைசியில் அவருடைய தேவியருக்கு வாய்த்தது, நம் வீட்டுப் பெண்கள் உடுத்தும் புடவை. அம்பாளை நம்மில் ஒருத்தியாக, நம் தாயாக உணரச் செய்தது அந்தப் புடவைதான். பல படங்களில் பின்னணியில் தெரியும் மலையும் நீர்நிலையும் தம்பியின் கைவண்ணம் என்பார்கள்.

கல்லில் பிறந்த காகிதப் படம்

என்ன இருந்தும், அவை அரண்மனைச் சுவர்களில் அல்லவா தொங்கின? ஏழை எளியவர்கள் எங்கே போய்ப் பார்ப்பது? ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிட்டால் எல்லோருக்கும் கிடைக்குமே என்று யோசனை சொன்னவர், நம் கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூருக்கும் பரோடாவுக்கும் திவானாக விளங்கிய சர் டி.மாதவராவ். ரவி வர்மா ஒரு படி மேலே போனார். 1894-ல் மும்பையில் சொந்த அச்சகமே தொடங்கிவிட்டார்! இயந்திரமும் நிபுணர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். முதலில் அச்சானது சகுந்தலையின் பிறப்பு.

அந்த அச்சு முறை, சமையலறையில் நீங்கள் தினமும் பார்க்கும் சங்கதிதான். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாதல்லவா? வழவழப்பான சுண்ணாம்புக்கல் பலகையில், எண்ணெய்ப் பசையுள்ள மையால் படம் வரைவார்கள். கல்லை நீரால் நனைத்து அச்சு மையைத் தடவினால், வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும்; ஈரமான இடம் விலக்கிவிடும். அதன்மேல் காகிதத்தை வைத்து அழுத்த வேண்டும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். ஒரே படத்துக்குப் பத்துக்கு மேற்பட்ட கற்கள்கூடத் தேவைப்படும். கோலத்தில் ஒரு புள்ளி தள்ளிப்போனால் என்ன ஆகும்? அதுபோல, ஒரு கல் சற்று நகர்ந்தாலும் அம்பாளின் கண் இடம் மாறிவிடும்! கடைசியில் வார்னிஷ் பூசினால், தைல ஓவியம் போலவே பளபளக்கும்.

அதன் பிறகு நடந்ததுதான் பெரிய அதிசயம். கடைத்தெருவில் மகாலட்சுமியும் சரஸ்வதியும் கிடைத்தார்கள். செட்டிநாட்டு வீடுகளில் அந்தப் படங்களுக்கு ஜரிகையும் சம்கியும் தைத்து அலங்கரித்தார்கள். ஒன்றை நினைத்துப் பாருங்கள். சாதியின் பெயரால் கோயில் வாசலிலேயே மக்களை நிறுத்தி வைத்த காலம் அது. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்ததே 1936-ல்தான். அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே, சந்நிதிக்குள் நுழைய முடியாதவர் வீட்டுக்கும் தெய்வம் காகிதத்தில் எழுந்தருளிவிட்டது!

ஆனால், அச்சகம் அவருக்குச் செல்வத்தைத் தரவில்லை. மும்பையில் பிளேக் பரவியது. கடன் சுமை ஏறியது. 1899-ல் லோனாவாலா அருகே மளவலிக்கு அச்சகம் இடம் மாறியது. சில ஆண்டுகளிலேயே, அங்கு பணியாற்றிய ஜெர்மானியர் ஷ்லைஷரிடம் அதை விற்றுவிட்டார். லட்சக்கணக்கான வீடுகளுக்கு லட்சுமியை அனுப்பியவர், நஷ்டத்தோடு விலகினார். 1905-ல் வலக்கரம் போலிருந்த தம்பியும் மறைந்தார். மறு ஆண்டு, 1906 அக்டோபர் 2 அன்று, பிறந்த கிளிமானூரிலேயே ரவி வர்மாவின் உயிர் பிரிந்தது. 1972-ல் அந்த அச்சகமும் தீக்கிரையானது.

ஆனால், அவர் வகுத்த வடிவம் அழியவில்லை. பின்னாளில் கோவில்பட்டி கொண்டையராஜு போன்றோர் வரைந்து, சிவகாசியில் அச்சான சாமி காலண்டர்களுக்கெல்லாம் பாதை போட்டது அவர் தூரிகைதான்.

அடுத்த முறை திருவனந்தபுரம் செல்லும்போது, அனந்தபத்மநாபனைத் தரிசித்த கையோடு, நேப்பியர் மியூசிய வளாகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். ரவி வர்மாவின் அசல் ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. கற்றுத்தர மறுக்கப்பட்ட ஒரு வித்தை, பக்தியாலும் பயிற்சியாலும் எப்படிக் கனிந்தது என்பதை அங்கே நேரிலேயே காணலாம்!