தாமசு பிளேக்

தாமசு எட்வர்டு பிளேக் (மார்ச் 8, 1902 – மே 5, 1994) அமெரிக்க நீச்சல் வீரரும் அலைச்சறுக்கு வீரரும் பலகை வடிவமைப்பாளரும் ஆவார். உள்ளீடற்ற மரப்பலகையை உருவாக்கியவர் என்றும், அலைச்சறுக்குப் பலகையின் அடியில் முதன்முதலில் தகடு பொருத்தியவர் என்றும் அறியப்படுகிறார். இன்று நின்றபடி துடுப்பு வலித்துச் செல்லும் பலகையைத் தேர்ந்தெடுப்போர் கருத்திற்கொள்ளும் நீளம், எடை, அடித்தகடு ஆகியவற்றை இவர் பல்லாண்டுகளுக்கு முன்பே சோதித்துப் பார்த்தார்.

இளமை

பிளேக் விசுகான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் பிறந்தார். இவர் கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் காசநோயால் இறந்தார். உறவினர்களிடம் வளர்ந்த பிளேக், பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு ஊர் ஊராகச் சென்று கிடைத்த வேலைகளைச் செய்தார். 1920 இல் டிட்ராய்ட் நகரத் திரையரங்கு ஒன்றில் அவாயியைச் சேர்ந்த ஒலிம்பிக் நீச்சல் வீரர் டியூக் கஹானமோகுவைச் சந்தித்துக் கைகுலுக்கினார். அச்சந்திப்பே இவரைக் கடலின்பால் ஈர்த்தது. அடுத்த ஆண்டு லாசு ஏஞ்சலசு நகருக்குச் சென்று நீச்சல் பயின்றார். 1922 இல் பிலடெல்பியாவில் நடந்த 10 மைல் நீச்சல் போட்டியில் வென்றார். பின்னர் உயிர்காப்பாளராகவும் பணியாற்றினார்.

உள்ளீடற்ற பலகை

1924 இல் பிளேக் முதன்முறையாக அவாயிக்குச் சென்றார. ஒனலுலுவின் பிசப் அருங்காட்சியகத்தில் இருந்த பழைய பலகைகள் இவர் கருத்தைக் கவர்ந்தன. பண்டைய அவாயியில் குடித்தலைவர்கள் ஓலோ எனும் நீண்ட, தடித்த பலகையையும், பொதுமக்கள் அலாயா எனும் குட்டையான, மெல்லிய பலகையையும் பயன்படுத்தினர். ஓலோ பெரும்பாலும் விலிவிலி மரத்தால் செய்யப்பட்டது. இது கல்யாண முருங்கையின் பேரினத்தைச் சேர்ந்த எடை குறைந்த மரமாகும்.

1926 இல் பிளேக் செம்மரம் எனப்படும் அமெரிக்க ரெட்வுட் மரத்தில் 16 அடி நீள ஓலோ ஒன்றைச் செய்தார். அம்மரம் விலிவிலியைவிடக் கனமானது. ஆகவே பலகை நெடுகத் துளைகள் இட்டு, மேலே மெல்லிய மரத்தால் மூடினார். அவ்வாறு செய்தும் அதன் எடை சுமார் 54 கிலோகிராமாக இருந்தது. ஆயினும் 1928 இல் கலிபோர்னியாவின் கொரோனா டெல் மார் கடற்கரையில் நடந்த பசிபிக் கரை அலைச்சறுக்குப் போட்டியில் இவர் வெற்றி பெற்றார்.

அடுத்து அவாயியில் நடந்த போட்டிகளில் அரை மைல், 100 கசத் தொலைவுகளில் இவர் நிறுவிய சாதனைகள் 1955 வரை முறியடிக்கப்படவில்லை. இத்தகைய பலகையை அனுமதிப்பது முறையா என்று திண்மப் பலகை கொண்டு போட்டியிட்டோர் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆனால் சில ஆண்டுகளிலேயே உள்ளீடற்ற பலகை பரவலாயிற்று. உள்ளே குறுக்குச் சட்டங்களைக் கொண்டு அமைத்த வடிவத்திற்கு 1932 இல் காப்புரிமை கிடைத்தது. அவ்வாண்டே சுமார் 27 கிலோகிராம் எடையுள்ள பலகையில், கைகளாலேயே நீரை வலித்து, கலிபோர்னியக் கரையிலிருந்து காத்தலினாத் தீவு வரை 29 மைல் தொலைவை 5 மணி 53 நிமிடங்களில் கடந்தார்.

உயிர்காப்புப் பணி

1925 இல் கலிபோர்னியாவின் நியூபோர்ட் அருகே படகு ஒன்று கவிழ்ந்தபோது, கஹானமோகு தம் பலகையின் துணையால் 8 பேரைக் காப்பாற்றினார். பலகை விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை இந்நிகழ்வு காட்டியது. ஆனால் கனமான திண்மப் பலகையை விரைவாகத் தூக்கிக்கொண்டு கடலில் இறங்குவது கடினம். எடை குறைந்த, நன்கு மிதக்கும் தம் பலகையை உயிர்காப்புக் கருவியாகப் பயன்படுத்துமாறு பிளேக் தொடர்ந்து வலியுறுத்தினார். பல கடற்கரைகளின் உயிர்காப்பாளர்கள் அதனை ஏற்றுக்கொண்டனர்.

குறைகளும் அடித்தகடும்

உள்ளீடற்ற பலகையில் குறைகளும் இருந்தன. இணைப்புகள் வழியே நீர் கசிந்ததால், அதை வடிக்க அடைப்பானுடன் கூடிய துளை தேவைப்பட்டது. நீண்ட பலகை நேராக விரைந்து சென்றது. எனினும் எளிதில் திரும்பவில்லை. செங்குத்தான அலையில் அதன் பின்பகுதி பக்கவாட்டில் வழுக்கியது. 1935 இல் கைவிடப்பட்ட விசைப்படகு ஒன்றின் அடித்தகட்டைக் கழற்றித் தம் பலகையின் அடியில் பிளேக் பொருத்தினார். பலகை தடுமாறாமல் சென்றது. இக்கண்டுபிடிப்பு உடனடியாகப் பரவாவிட்டாலும், பின்னர் ஏறத்தாழ எல்லாப் பலகைகளிலும் இடம்பெற்றது.

பிற்காலமும் தாக்கமும்

பிளேக் 1935 இல் அவாயி அலைச்சறுக்குப் பலகை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நீர்புகாப் பெட்டியில் ஒளிப்படக்கருவியை வைத்து, அலைகளின் நடுவிலிருந்து படங்களும் எடுத்தார். இரண்டாம் உலகப் போரின்போது கடலோரக் காவற்படையில் பணியாற்றினார். முதுமையில் விசுகான்சினுக்குத் திரும்பி, அங்கேயே காலமானார். அதற்கு முன்பே, 1950களுக்குப் பின் நுரைப்பொருளால் ஆன பலகைகள் மரப்பலகைகளின் இடத்தைப் பிடித்திருந்தன.

எனினும் ஓலோவுக்கும் அலாயாவுக்கும் இடையே பிளேக் கண்ட வேறுபாடு, 21 ஆம் நூற்றாண்டில் பரவிய நின்று துடுப்பு வலிக்கும் பலகைகளிலும் காணப்படுகிறது. நெடுந்தொலைவுப் பயணத்திற்கும் பந்தயத்திற்கும் 12 முதல் 14 அடி நீளமுள்ள குறுகிய பலகையும், அலையில் திரும்பிச் சறுக்குவதற்குக் குட்டையான பலகையும் ஏற்றவை. புதிதாகப் பழகுவோருக்கு 10 அல்லது 11 அடி நீளமும் 30 அங்குலத்திற்கு மேற்பட்ட அகலமும் கொண்ட பலகை நிலையாக நிற்க உதவும். ஒருவரின் உடல் எடை கூடுதலாக இருந்தால், அவரைத் தாங்கப் பலகையின் கன அளவும் கூடுதலாக இருக்க வேண்டும். எல்லாப் பயன்பாட்டிற்கும் பொருந்தும் ஒரே பலகை இல்லை என்பதற்குப் பிளேக்கின் பலகைகளே சான்றாக உள்ளன.