பள்ளிக்கூடத்தில் சோறு போட்ட தியாகராயர்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துப் பள்ளிகளில் மதிய மணி அடித்ததும் பிள்ளைகள் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறார்கள். களியக்காவிளைக்கு அப்பால் தமிழகத்துப் பள்ளிகளிலும் இதே காட்சிதான். 1956-ல் மாநில எல்லை நம்மைப் பிரித்தாலும், இந்த ஏற்பாடு இரு பக்கமும் உண்டு. இதற்கு நூறாண்டுக்கு முன்பே வழிகாட்டியவர் சென்னை மாநகராட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர்.

1852 ஏப்ரல் 27-ல் சென்னையில் நெசவுத் தொழில் செய்யும் தேவாங்கர் குலத்தில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். செல்வந்தராயினும் எப்போதும் வெள்ளுடையே உடுத்தியதால் வெள்ளுடை வேந்தர் என்று பெயர் பெற்றார். 1916-ல் டாக்டர் நடேச முதலியார், மலையாளியான டாக்டர் டி.எம். நாயர் ஆகியோருடன் நீதிக் கட்சியை நிறுவினார். 1920 தேர்தலில் கட்சி வென்றபோது முதல் மந்திரி பதவி தேடி வந்தது. அதை ஏற்க மறுத்துவிட்டார். நகராட்சிப் பணியே போதும் என்றிருந்தார். மேயர் என்ற பட்டம் சென்னைக்கு வந்தது 1933-ல்தான்.

ஏழைப் பிள்ளைகள் பசியால் பள்ளிக்கு வராததை மாநகராட்சி கண்டது. 1920-ல் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் இலவசச் சிற்றுண்டி தர, தியாகராயர் தலைமையில் மன்றம் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது விதி. பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் விரிந்தது. 1922-23-ல் 811 ஆக இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை 1924-25-ல் 1,671 ஆயிற்று.

தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிட ஆங்கில அரசு இசையவில்லை. 1925-ல் திட்டம் நின்றது. அதே ஆண்டில் தியாகராயரும் காலமானார்.

குறையும் சொல்லத்தான் வேண்டும். 1921 ஆலை வேலைநிறுத்தத்தில் நீதிக் கட்சித் தலைவர்கள் எடுத்த நிலை தாழ்த்தப்பட்ட மக்களை மனம் நோகச் செய்தது. அவர்களின் தலைவர் எம்.சி. ராஜா 1923-ல் கட்சியை விட்டு விலகினார்.

ஆனால் அந்த ஓரணாச் சிற்றுண்டி வீண்போகவில்லை. காமராஜர் 1956-ல் தமிழகமெங்கும் மதிய உணவு கொண்டுவந்தார். எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவாக்கினார். 2001-ல் உச்ச நீதிமன்றம், நாடு முழுதும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று ஆணையிட்டது.

கல்யாணத்துக்குத் துணி எடுக்கச் சென்னை தியாகராய நகருக்குப் போகிறவர்கள் நம் ஊர்களிலும் உண்டு. அந்த ஊர்ப் பெயர் யாருடையது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நல்லது.