வானமே தொழிலாக

புகழ் பெற்றோர் வரலாற்றை நாம் படிக்கும்போது அவர்கள் ஆற்றிய அருஞ்செயல்களே நம் கண்முன் வந்து நிற்கின்றன. அச்செயல்களுக்கு முன்னும் பின்னும் அவர்கள் தொழில் தேடி அலைந்ததும், கூலிக்கு உழைத்ததும், தம் தகுதியை மீண்டும் மீண்டும் மெய்ப்பிக்க வேண்டியிருந்ததும் நம் நினைவுக்கு எளிதில் வருவதில்லை. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தன்னந்தனியே விமானம் ஓட்டிச் சென்ற முதற் பெண்மணியாகிய ஏமி ஜான்சன் அம்மையாரின் வாழ்க்கை இவ்விரண்டையும் ஒருங்கே காட்டுவதாகும். உலகமே போற்றிய அவ்வம்மையார் விமானியாக மாதச் சம்பளம் பெறும் ஒரு வேலைக்குப் பல்லாண்டுகள் காத்திருந்தார்.

ஏமி 1903-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள ஹல் என்னும் துறைமுக நகரத்தில் பிறந்தார். அவர் தந்தையார் மீன் வணிகர். பெண்மக்கள் நால்வருள் ஏமியே மூத்தவர். ஷெபீல்டு பல்கலைக்கழகத்தில் பயின்று 1925-இல் பட்டம் பெற்றார். அக்காலத்தில் பட்டம் பெற்ற பெண்களுக்கும் ஆசிரியத் தொழிலும் அலுவலக எழுத்து வேலையுமே பெரும்பாலும் கிடைத்தன. ஏமியும் இலண்டன் மாநகரை அடைந்து, ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டெழுத்து முதலிய பணிகளைச் செய்து வந்தார்.

நகரின் புறத்தே ஸ்டாக் லேன் என்னுமிடத்தில் ஒரு விமான நிலையம் இருந்தது. அங்கே இயங்கிய விமானச் சங்கத்தில் 1928-ஆம் ஆண்டு ஏமி பயிற்சிக்குச் சேர்ந்தார். தொடக்கத்தில் அவருக்கு விமானம் ஓட்டும் திறன் எளிதில் கைவரவில்லை. ஏனையோர் பத்து மணி நேரப் பயிற்சியிலேயே தனித்துப் பறக்கலாயினர். ஏமிக்கோ ஏறத்தாழப் பதினாறு மணி நேரம் வேண்டியிருந்தது. ஆயினும் அவர் மனம் தளரவில்லை. 1929 ஜூலையில் விமானி உரிமம் பெற்றார்.

பறக்கக் கற்றதோடு அவர் அமையவில்லை. விமானத்தைப் பழுது பார்க்கும் தொழிலையும் கற்றுக்கொள்ள விரும்பினார். காலையில் அலுவலகம் செல்வதற்கு முன்னும், மாலையில் அலுவல் முடிந்த பின்னும் கொட்டகைக்குச் சென்று, எண்ணெய்க் கறை படிந்த உடையுடன் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டினார். தொழிலாளர்கள் முதலில் அவரை வேடிக்கை பார்த்தனர். பின்னர்த் தம்முள் ஒருவராகவே மதித்தனர். அவ்வாண்டின் இறுதியில் தரைப் பொறியாளர் உரிமத்தைப் பெற்றார். பிரிட்டனில் அவ்வுரிமத்தைப் பெற்ற முதற் பெண்மணி அவரே.

இனி, இத்தொழிலையே பிழைப்பாகக் கொள்வது எங்ஙனம் என்னும் கேள்வி எழுந்தது. முதல் உலகப் போர் முடிந்தபின் விமானப் படையிலிருந்து வெளியேறிய ஆடவர் பலர் வேலை தேடிக்கொண்டிருந்தனர். வேலை தரும் நிறுவனங்களோ மிகச் சில. பெண் ஓட்டும் விமானத்தில் பயணிகள் ஏற அஞ்சுவர் என்று முதலாளிகள் கருதினர். ஏதேனும் ஓர் அருஞ்செயல் செய்து தம் ஆற்றலை நிலைநாட்டினாலன்றி எக்கதவும் தமக்குத் திறவாது என்பதை ஏமி உணர்ந்தார். ஆஸ்திரேலியப் பயணத்தை அவர் மேற்கொண்டதற்கு இதுவே முதன்மையான காரணமாகும்.

அவர் தந்தையாரும் வேக்பீல்டு பிரபு என்னும் செல்வரும் பொருளுதவி செய்ய, பழைய ஜிப்சி மாத் விமானம் ஒன்றை 600 பவுனுக்கு வாங்கினார். தந்தையாரின் மீன் வணிகச் சின்னமாகிய ஜேசன் என்னும் பெயரையே அதற்குச் சூட்டினார். அது மேற்கூரையில்லாத சிறு விமானம். வானொலிக் கருவியும் அதில் இல்லை. ஏமி அதுவரை பறந்த நேரம் முழுவதையும் கூட்டினாலும் நூறு மணிக்குக் குறைவே. இலண்டனிலிருந்து தம் சொந்த ஊர் வரை சென்றதே அவர் தனித்துச் சென்ற நெடும் பயணம்.

1930 மே 5-ஆம் நாள் குராய்டன் விமான நிலையத்திலிருந்து ஏமி புறப்பட்டார். வழியனுப்ப வந்தோர் மிகச் சிலரே. பாக்தாதை நோக்கிச் செல்கையில் மணற்புயல் வீசியது. பாலைவனத்தில் இறங்கிய அவர், காற்று விமானத்தைப் புரட்டிவிடாதபடி அதன் வாற்பகுதியின்மேல் அமர்ந்து, புயல் தணியும்வரை காத்திருந்தார். ஆறாம் நாள் கராச்சியை அடைந்தார். அதற்குமுன் அவ்வழியே தனித்துப் பறந்த ஹிங்கிலர் என்னும் விமானியை விட இரண்டு நாள் முன்னதாகவே அவர் அங்குச் சேர்ந்துவிட்டார். அது முதல் உலகச் செய்தித்தாள்கள் அவர் பெயரைப் பேசத் தொடங்கின.

அலகாபாத்துக்குச் செல்லும் வழியில் பெட்ரோல் குறைந்தமையால் ஜான்சியில் படைவீரர் அணிவகுப்புத் திடலில் இறங்க நேர்ந்தது. விமானத்தின் சிறகு சேதமுற்றது. அதனைச் சீர்செய்துகொண்டு அலகாபாத், கல்கத்தா வழியாகப் பர்மாவை நோக்கிப் பறந்தார். இரங்கூனுக்கு அருகில் மழையில் இடம் தெரியாமல் இன்சேன் என்னும் ஊரிலிருந்த விளையாட்டுத் திடலில் இறங்கியபோது, விமானம் ஒரு பள்ளத்தில் பாய்ந்து முன்விசிறி முறிந்தது. அவ்வூர்த் தொழிற்கல்வி நிலையத்தின் ஆசிரியரும் மாணவரும் உடனுழைக்க, ஏமி தாம் கொண்டு வந்திருந்த மாற்று விசிறியைப் பூட்டி விமானத்தை மீண்டும் பறக்கும் நிலைக்குக் கொணர்ந்தார். கொட்டகையில் கறைபடிந்த கைகளோடு கற்ற கல்வி அன்று அவருக்குக் கைகொடுத்தது. ஆனால், ஹிங்கிலரின் சாதனையை வெல்லும் வாய்ப்பு அந்தக் காலத் தாழ்ச்சியால் நழுவிப் போயிற்று. அதற்காக அவர் பயணத்தைக் கைவிடவில்லை. மே 24-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இறங்கினார். அவர் கடந்த தொலைவு ஏறத்தாழ 11,000 மைல்.

அரசர் அவருக்குப் பட்டம் அளித்துச் சிறப்பித்தார். ஒரு செய்தித்தாள் நிறுவனம் 10,000 பவுன் பரிசளித்து, நாடெங்கும் அவரை அழைத்துச் சென்று காட்ட ஏற்பாடு செய்தது. ஊர்தோறும் வரவேற்பு, விருந்து, சொற்பொழிவு எனப் பணி பெருகவே, களைப்பு மிகுந்து உடல் நலம் குன்றிச் சுற்றுப்பயணத்தை இடையில் நிறுத்திக்கொண்டார். பாலைவனத்துப் புயலுக்குத் தளராதவர் பாராட்டுக்குத் தளர்ந்தார்!

பின்னரும் அவர் பல நெடும் பயணங்களை மேற்கொண்டார். 1931-இல் துணைவர் ஒருவருடன் மாஸ்கோ வழியாக ஜப்பான் தலைநகராகிய டோக்கியோவுக்குப் பறந்தார். 1932-இல் ஜிம் மாலிசன் என்னும் விமானியை மணந்தார். அவ்வாண்டின் இறுதியிலேயே தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகருக்குத் தனித்துப் பறந்து, தம் கணவர் ஏற்படுத்தியிருந்த கால அளவைப் பத்து மணி நேரத்துக்கு மேல் குறைத்துக் காட்டினார். எனினும் சாதனைப் பயணங்கள் நிலையான வருவாய் தருவன அல்ல. ஒவ்வொன்றுக்கும் பொருளுதவி தேடவேண்டும். ஒரு முறை தவறினால் கடன் மிஞ்சும். இதனால் ஒரு நிறுவனத்தில் அமர்ந்து முறையாகப் பணியாற்ற வேண்டும் என்னும் பழைய விருப்பம் அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை.

அந்நாளில் தனியார் விமானத் தொழில் எவ்வாறு நடைபெற்றது என்பதை ஈண்டுச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். வாடகைக் காரை அமர்த்துவது போலவே சிறு விமானங்களை வாடகைக்கு அமர்த்தும் வழக்கம் இங்கிலாந்தில் பரவி வந்தது. கோடையில் கடற்கரை ஊர்களுக்குச் செல்வோரும், பொழுதுபோக்காகச் சில நிமிடங்கள் வானில் வட்டமிட விரும்புவோருமே அந்நிறுவனங்களுக்கு வருவாய் அளித்தனர். கோடை கழிந்ததும் கூட்டம் குறையும். விமானியின் வேலையும் ஐயத்துக்கு இடமாகும்.

எட்வர்டு ஹில்மன் என்பவர் பேருந்துகள் ஓட்டிச் செல்வராகி, 1931-இல் வாடகை விமானத் தொழிலில் இறங்கியவர். பாரிசுக்குக் குறைந்த கட்டணத்தில் பயணிகளை ஏற்றிச் செல்ல விரும்பிய அவருடைய வேண்டுகோளின்படியே டிராகன் என்னும் இரட்டை எஞ்சின் விமானம் உருவாயிற்று. அதில் விமானி ஒருவரே. துணை விமானி இல்லை. விமானியும் பேருந்து ஓட்டுநரும் ஒரு தன்மையரே என்பது ஹில்மனின் கொள்கை. அதனால் பெரிய நிறுவனங்கள் கொடுத்ததைப் போன்ற சம்பளத்தை அவர் கொடுக்கவில்லை. அவர் நிறுவனத்தில் 1934-இல் ஏமி சிறிது காலம் பாரிசு வழியில் பணியாற்றினார். கண்டங்களைக் கடந்த அவருக்கு அது சிறிய வேலைதான். ஆயினும், அதனை அவர் இழிவாகக் கருதவில்லை. குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் பயணிகளைக் கொண்டு சேர்ப்பதே விமானியின் மெய்யான தொழில் என்று அவர் எண்ணினார்.

அவ்வாண்டிலேயே பெண்கள் பொறியியற் கழகத்தின் தலைமையை ஏற்று, 1937 வரை அப்பொறுப்பை வகித்தார். பெண்களுக்குத் தொழிற்கூடங்களின் கதவு திறக்க வேண்டும் என்பதே அக்கழகத்தின் நோக்கம். 1938-இல் அவருடைய மண வாழ்வு முறிந்தது. மறு ஆண்டில் போர்ட்ஸ்மத் நகரத்துச் சிறு விமான நிறுவனம் ஒன்றில் விமானியாக அமர்ந்தார். இங்கிலாந்துக்கும் வைட் தீவுக்கும் இடையிலுள்ள குறுகிய கடற்காலைக் கடந்து பயணிகளை அக்கரை சேர்ப்பதும், இருள் சூழ்ந்த பின் படைவீரர் தேடொளி விளக்குகளைப் பயன்படுத்திப் பழகுவதற்காக வானில் அங்குமிங்கும் பறப்பதும் அவர் பணிகள். கடற்காலைக் கடக்கச் சில நிமிடங்களே ஆகும். உலகப் புகழ் பெற்ற விமானி, ஓடக்காரர் போல ஒரே வழியில் போவதும் வருவதுமாக இருந்தார்.

1939-இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. தொழிற்சாலைகளில் உருவாகும் விமானங்களைப் படைத் தளங்களுக்குக் கொண்டு சேர்க்க, விமானப் போக்குவரத்துத் துணைப்படை என்னும் அமைப்பு ஏற்பட்டது. அதன் பெண்கள் பிரிவுக்குத் தலைவியாக வந்தவர் பாலின் கோவர் அம்மையார். அவர் தாமே வாடகை விமானத் தொழில் நடத்தி, 30,000-க்கு மேற்பட்ட பயணிகளை வானில் ஏற்றிச் சென்றவர். 1940 ஜனவரியில் எட்டுப் பெண்களோடு அப்பிரிவு தொடங்கியது. ஆடவர் பெற்ற ஊதியத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தே பெண்களுக்குக் கொடுக்கப்பட்டது.

ஏமிக்குத் தலைமைப் பதவி கிடைக்கவில்லை. ஏனையோரைப் போலவே தேர்வுக்கு உட்பட்டுத்தான் அவரும் சேரவேண்டியிருந்தது. உள்ளத்தில் வருத்தம் இருந்திருக்கலாம். எனினும் 1940-ஆம் ஆண்டிலேயே அவர் அதில் சேர்ந்து, தமக்கு இளையவரோடு இளையவராக உழைத்தார். அவ்விமானிகளுக்கு வானொலித் துணை இல்லை. தரையைப் பார்த்து வழியறிந்தே செல்லுதல் வேண்டும். மூடுபனியும் மேகமுமே அவர்களுடைய பெரும் பகைகள்.

1941 ஜனவரி 5-ஆம் நாள் பிளாக்பூல் நகரிலிருந்து ஆக்ஸ்போர்டு நகருக்கு அருகிலுள்ள தளத்துக்கு ஒரு விமானத்தை ஓட்டிச் சென்றார். வானிலை மிக மோசமாக இருந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடியவேண்டிய பயணம் அது. மூன்று மணி நேரத்துக்கு மேல் கழிந்தபின், வழி தவறி வெகுதொலைவில், தேம்சு ஆற்றின் முகத்துவாரத்தில் அவர் குடையின் துணையால் இறங்குவதைக் கப்பலிலிருந்தோர் கண்டனர். குளிர் மிகுந்த கடல்நீரில் வீழ்ந்த அவரைக் கயிறு வீசி மீட்க முயன்றனர்; இயலவில்லை. ஹேசில்மியர் என்னும் அக்கப்பலின் தலைவர் வால்டர் பிளெட்சர் தாமே நீரிற் குதித்தார். அவரும் குளிரால் உயிர் துறந்தார். ஏமியின் உடல் கிடைக்கவேயில்லை. அப்போது அவருக்கு வயது 37.

அவர் மறைந்து இரண்டாண்டுகள் கழிந்தபின், 1943-இல், அத்துணைப்படையில் ஒரே பதவியிலிருந்த ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் ஒரே ஊதியம் என்னும் விதி ஏற்பட்டது. பாலின் கோவர் அம்மையாரின் விடாமுயற்சி அதற்குக் காரணம். போர் முடிவதற்குள் அப்படையில் பணியாற்றிய பெண் விமானிகள் நூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர். ஏமி அச்சம ஊதியத்தைப் பெறவில்லை. ஆயினும், பெண் விமானியை நம்பலாம் என்னும் எண்ணம் மக்கள் உள்ளத்தில் வேரூன்ற அவரும் ஒரு காரணர்.

மாணவர்களே! அருஞ்செயல் புரிந்தவர் பின்பு சிறு பணியைச் செய்ய நாணுவது உலகியல்பு. ஏமி அம்மையாரோ பாரிசுப் பயணிகளையும் தீவுப் பயணிகளையும் ஏற்றிச் சென்றதில் தம் பெருமை குறைந்ததாக எண்ணவில்லை. தகுதியுடையார்க்கு வேலையும், உழைப்புக்கேற்ற ஊதியமும் கிடைத்தல் வேண்டும் என்பது ஒரு சமுதாயத்தின் கடமை. கிடைத்த வேலையைத் திருந்தச் செய்தல் தனி மனிதரின் கடமை. முன்னதில் அவர் காலத்துச் சமுதாயம் பிற்பட்டு நின்றது. பின்னதில் அவர் ஒருபோதும் பிற்பட்டதில்லை.