கணக்கேட்டில் நற்செய்தியை வாசித்தவர்



ஆண்டுதோறும் நிதியமைச்சர் பாராளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பிக்கும் நாளில் தலவாக்கலைக் கடைவீதியில் எதைப் பற்றிப் பேசுகிறார்கள்? மாவின் விலை, சீனியின் விலை, பஸ் கட்டணம், நாட்சம்பளம். இவற்றைக் கேட்டறிந்ததும் நமது அக்கறை முடிந்துவிடுகிறது. அரசாங்கம் திரட்டும் பணம் யாரிடமிருந்து வருகிறது, எதற்குப் போகிறது என்பதைப் படித்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். அது கோயிலுக்கும் ஞானோபதேசத்துக்கும் சம்பந்தமில்லாத காரியம் என்றும் நம்மிற் பலர் எண்ணுகிறோம்.

அவ்விதம் எண்ணாத ஒரு கிறிஸ்தவரை இன்று உங்களுக்கு அறிமுகஞ் செய்ய விரும்புகிறேன். நம் முன்னோர் திருச்சி, தஞ்சாவூர், சேலம், மதுரை என்று எந்தச் சீமைகளிலிருந்து இம்மலைகளுக்கு வந்தார்களோ, அந்தத் தமிழகத்திலேயே பிறந்தவர் அவர். நமது திருச்சபையைச் சேர்ந்தவரல்லர், புரொட்டஸ்தாந்து குடும்பத்தவர். ஆனாலும் அவருடைய வாழ்க்கை நமக்கும் பாடமாகும். அவர்தான் ஜே. சி. குமரப்பா.

கோட்டும் சூட்டும் அணிந்த கணக்காளர்

1892ம் ஆண்டு ஜனவரி 4ந் திகதி தஞ்சாவூரில் அவர் பிறந்தார். ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்பது அவர் பெயர். தந்தையார் அரசாங்கப் பொதுப்பணித் துறையில் உத்தியோகம் பார்த்தவர். தாயார் எஸ்தர் பக்தி மிகுந்தவர். லண்டனில் கணக்காளராகத் தேர்ச்சி பெற்ற இளைஞர், நாடு திரும்பிப் பம்பாயில் சொந்தமாகக் கணக்காய்வு நிறுவனம் நடத்தினார். ஆங்கில உடை, ஆங்கில நடை, கைநிறைந்த வருமானம். அப்படியே இருந்திருந்தால் இன்று நாம் அவரைப் பற்றிப் பேசவேண்டிய அவசியமே இருந்திராது.

1927ல் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றார். அங்கே ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்பது பற்றிப் பேசினார். பத்திரிகையில் வந்த அச்செய்தியைக் கொலம்பியா பல்கலைக்கழகத்திலே அவருடைய ஆசிரியராயிருந்த செலிக்மன் கண்ணுற்றார். அந்தக் கேள்விக்குரிய விடையை அரசாங்கத்தின் வரவு செலவிலே தேடும்படி மாணவரைத் தூண்டினார்.

அவரும் தேடினார். மக்கள் சோம்பேறிகள், ஆகவே ஏழைகள் என்று அந்நாளில் எளிதாகச் சொல்லி வந்தார்கள். கணக்கேடோ வேறு கதை சொல்லிற்று. நிலவரியும் உப்பு வரியும் குடியானவனிடமிருந்து பிடுங்கப்பட்டன. திரண்ட பணம் இராணுவத்துக்கும், கடன் வட்டிக்கும், பெரிய உத்தியோகத்தரின் சம்பளத்துக்கும் பென்சனுக்கும் போயிற்று. அதில் ஒரு பெரும் பகுதி கடல் கடந்து இங்கிலாந்துக்கே சென்றது. வரி கொடுத்தவனுடைய பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் நீர்ப்பாசனமும் மிச்சத்திலே மிச்சமாகத்தான் கிடைத்தன. இந்த ஆராய்ச்சியே அவருடைய வாழ்க்கையைத் திருப்பிவிட்டது.

சபர்மதியில் ஒரு சந்திப்பு

எழுதியதை அச்சிடும் நோக்குடன் 1929 மே 9ந் திகதி சபர்மதி ஆச்சிரமத்துக்குப் போனார். அங்கே மரத்தடியில் சாணமிட்டு மெழுகிய தரையில் ஒரு கிழவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். அவரே காந்தியடிகள் என்று உணர்ந்ததும், உயர்ந்த சூட்டு அழுக்காகுமே என்று பாராமல் நமது கணக்காளரும் தரையிலே உட்கார்ந்தார். காந்தியடிகள் அவருடைய கட்டுரையைத் தமது ‘யங் இந்தியா’ பத்திரிகையில் தொடராக வெளியிட்டார். குஜராத்திலே கேடா மாவட்டத்து மாத்தர் தாலுகாவின் கிராமங்களை ஆராயும் பணியையும் ஒப்படைத்தார். புத்தகத்தில் கண்ட எண்களை இனிக் குடிசைகளில் மனித முகங்களாகக் கண்டார் குமரப்பா. கதர் உடுத்தார், கொர்னேலியஸ் என்ற பெயரை விட்டுக் குமரப்பா என்ற குடும்பப் பெயரை மீண்டும் சூடினார். திருமணஞ் செய்துகொள்ளவில்லை.

அவரைச் சிறைகளும் தேடி வந்தன. 1930ல், அங்கிலிக்கன் தலைமைப் பேராயர் வெஸ்ற்கொட் சட்டமறுப்பு இயக்கத்தைக் கண்டித்தபோது, கிறிஸ்தவன் நிற்கவேண்டிய இடம் ஒடுக்கப்பட்டவனின் பக்கம் என்ற கருத்தோடு பகிரங்கமாகவே பதில் எழுதினார். 1931 கராச்சி காங்கிரஸ், இராணுவச் செலவைப் பாதியாகவாவது குறைக்க வேண்டுமென்றும், அரச உத்தியோகத்தரின் சம்பளம் சாதாரணமாக மாதம் 500 ரூபாவுக்கு மேற்படலாகாதென்றும் தீர்மானித்தது. அதனையடுத்து, பிரிட்டன் இந்தியாவின் தலையில் ஏற்றிய கடன்களுள் எவை நியாயமானவை என்று ஆராய அமைத்த குழுவிலும் குமரப்பா பணியாற்றினார்.

1934 ஜனவரியில் பீகாரை நிலநடுக்கம் குலைத்தது. நிவாரண நிதியின் கணக்கு இவர் கையில் வந்தது. தொண்டர் உணவுக்கென்று மிகச் சிறிய தொகையை விதித்து, ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்டார். காந்தியடிகளும் பரிவாரமும் வந்தபோது, அவர்களுடைய செலவை இந்த நிதியிலிருந்து கொடுக்க இயலாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். துயருற்றவருக்கென்று சேர்ந்த பணம் துயருற்றவருக்கே என்பது அவர் கண்ட சட்டம். காந்தியடிகள் கோபிக்கவில்லை. அவ்வாண்டின் இறுதியில் அமைந்த அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் செயலாளராக இவரையே நியமித்தார்.

சிறையில் எழுந்த நூல்கள்

இரண்டாம் உலகப் போரின்போது அரசாங்கம் நோட்டுகளை அச்சடித்துக் குடியானவனின் தானியத்தை வாங்கிற்று. இது அப்பம் கேட்ட பிள்ளைக்குக் கல்லைக் கொடுப்பதற்கு ஒப்பானது என்று குமரப்பா கண்டித்தார். மீண்டும் சிறை. ஜபல்பூர்ச் சிறையில் எழுதிய இரண்டு நூல்கள் 1945ல் வெளிவந்தன. ஒன்று இயேசுவின் போதனையும் நடைமுறையும் பற்றியது. மற்றது நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றியது. இரண்டுக்கும் காந்தியடிகளே முன்னுரை எழுதினார்.

அவர் சொல்லும் முறை எளிது. ஆட்டைக் கொன்று தின்னும் வேங்கை உண்டு. வைத்து வளர்க்காத மரத்தின் பழத்தைப் பறிக்கும் குரங்கு உண்டு. தன் கூட்டைத் தானே கட்டும் குருவியும், கூட்டத்துக்காக உழைக்கும் தேனீயும் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலே, கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை நிற்கிறது. மனிதனின் பொருள் தேட்டமும் அரசின் செலவும் இவற்றுள் எந்தப் படியில் நிற்கின்றன என்று பார்க்கச் சொன்னார்.

சுதந்திரத்தின் பின்னும் அவர் மாறவில்லை. அவர் தலைமை தாங்கிய நிலச் சீர்திருத்தக் குழு, உழுபவனுக்கே நிலம் உரியதாக வேண்டுமென 1949ல் அறிக்கை தந்தது. ஆட்சிக்கு வந்தவர்கள் தமது நண்பர்களே என்பதற்காக அவர்களது ஆடம்பரத்தை அவர் பொறுத்துக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் மதுரைக்கு அண்மையிலுள்ள கல்லுப்பட்டி காந்தி நிகேதனத்தில் ஒரு சிறு குடிலில் வசித்தார். அங்கே ஓர் ஏழைக் குடியானவனின் படத்தை மாட்டி, அவனே தம்முடைய குருவுக்கும் குரு என்று வந்தவர்களுக்குக் காட்டுவார். 1960 ஜனவரி 30ந் திகதி, காந்தியடிகள் மறைந்த அதே நாளில், மதுரையில் இறைவனடி சேர்ந்தார்.

நமக்கென்ன?

நம் திருச்சபையின் போதனையும் இதே வழியிற் செல்வதைக் கவனியுங்கள். அறுவடை செய்தவனுக்குக் கொடுக்காத கூலி வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் என்று புனித யாகப்பர் செல்வரை எச்சரித்தார். பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1964ல் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்தபோது, ஆயுதச் செலவில் ஒரு பகுதியையேனும் ஏழைகளுக்கென ஓர் உலக நிதியாக்கும்படி நாடுகளை வேண்டினார். 1967ல் மக்கள் முன்னேற்றம் பற்றிய திருமடலிலும் அதனை வலியுறுத்தினார். செல்வம் எங்கேயோ இருதயமும் அங்கே என்று நமதாண்டவர் படிப்பித்தது தனி மனிதனுக்கு மட்டுந்தானா? ஒரு நாட்டின் இருதயத்தையும் அதன் கணக்கேட்டில் காணலாமன்றோ?

நம் கண்ணெதிரே பாருங்கள். 2012 முதல் மேல் கொத்மலைத் திட்டம் தலவாக்கலையில் மறித்த நீரைக்கொண்டு 150 மெகாவாட் மின்சாரம் வரை உற்பத்தி செய்கிறது. அதைச் சூழ்ந்த மலைகளிலோ வெள்ளைக்காரன் காலத்து லயன் காம்பிராக்களில் இன்னும் குடும்பங்கள் வசிக்கின்றன. போர் 2009ல் முடிந்த பின்னும் பாதுகாப்பு ஒதுக்கீடு பெரிய ஒதுக்கீடுகளுள் ஒன்றாகவே இருந்து வருகிறது. 2022ல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது, அந்தக் கடனால் ஒரு பயனும் காணாத கொழுந்து பறிக்கும் தாய்தான் மாவுக்கும் மருந்துக்கும் அதிக விலை கொடுத்தாள். பணமில்லை என்ற பதில் நமக்குப் பழக்கமானது. எதற்குப் பணம் இருந்தது என்று கேட்கக் குமரப்பா நமக்குக் கற்பிக்கிறார்.

ஆகவே, வாசகரே, அடுத்த வரவு செலவுத் திட்டம் வெளிவரும்போது பத்திரிகையை எடுத்து, வீடு, பாடசாலை, வைத்தியசாலை ஆகியவற்றுக்கு எவ்வளவு, வட்டிக்கும் படைக்கும் எவ்வளவு என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து குறித்துப் பாருங்கள். வாக்குக் கேட்டு வருபவரிடம் அந்தக் கடதாசியைக் காட்டிக் கேளுங்கள். அப்படிக் கேட்குமுன், நமது பங்கின் திருவிழாக் கணக்கையும் சங்கத்தின் கணக்கையும் அதே கண்ணால் பார்த்துவிடுவோம். வாணவேடிக்கைக்கு எவ்வளவு செலவாயிற்று, வேலைக்குப் போக முடியாத விதவைக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது அதிலும் எழுதியிருக்கும்.