அறிஞர் பார்-ஹில்லெல்

புதியதொன்றைக் கண்டுபிடிப்பது அரிது. கண்டுபிடித்த பின், அதன் எல்லை இதுதான் என்று தாமே அளந்து உலகுக்குச் சொல்வது அதனினும் அரிது. தம் பிள்ளையின் குறையைத் தாமே எடுத்துச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? அவ்வாறு சொன்ன அறிஞர் ஒருவரை நம் மன்றத்து நண்பர்களுக்கு அறிமுகம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கணிப்பொறிக்கு மொழி கற்பிக்கும் துறையின் முன்னோடியான யெகோசுவா பார்-ஹில்லெல் என்பவரே அவர்.

1915-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 8-ஆம் நாள் வியன்னா நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார், பெர்லினில் வளர்ந்தார். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது அவருக்கு வயது பதினேழு. அவ்வாண்டிலேயே பாலஸ்தீனத்துக்குக் குடிபெயர்ந்தார். எருசலேமில் உள்ள எபிரேயப் பல்கலைக்கழகத்தில் தத்துவமும் கணிதமும் பயின்று டாக்டர் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் யூதப் பிரிவில் பணியாற்றினார். 1948-ஆம் ஆண்டுப் போரில் ஒரு கண்ணை இழந்தார். ஆயினும் அவரது ஆராய்ச்சி தளரவில்லை.

1951-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திர மொழிபெயர்ப்பு ஆய்வை ஏற்றார். அத்துறையில் முழுநேரப் பணியில் அமர்ந்த முதல் ஆய்வாளர் அவரே. 1952-இல் இயந்திர மொழிபெயர்ப்புக்கென முதல் மாநாட்டைக் கூட்டியவரும் அவரே.

பொறி மொழிபெயர்க்க வேண்டுமானால், முதலில் அது வாக்கியத்தைப் பிரித்தறிய வேண்டும். அதற்கு இலக்கணத்தைக் கணக்கைப் போல் எழுத முடியுமா? போலந்து நாட்டு அறிஞர் அய்துகேவிச் 1935-இல் அதற்கு ஒரு வழி காட்டியிருந்தார். பார்-ஹில்லெல் அவ்வழியை விரிவாக்கி 1953-இல் ஒரு முறையை வெளியிட்டார். நாம் பள்ளியில் படித்த பின்னக் கணக்கை அதற்கு உவமையாகக் கொள்ளலாம். இராமன் தூங்கினான் என்னும் தொடரைப் பாருங்கள். இராமன் என்பது பெயர். தூங்கினான் என்பது, தன் இடப்பக்கத்தில் ஒரு பெயர் வந்தால் வாக்கியமாகும் சொல். எனவே அதை மேலே வாக்கியமும் கீழே பெயரும் உள்ள பின்னமாக எழுதலாம். பெயரும் பெயரும் அடிபட்டுப் போனால் வாக்கியம் எஞ்சும். இம்முறையில் தனியே இலக்கண விதிகளின் பட்டியல் வேண்டியதில்லை. இலக்கணம் முழுவதும் அகராதிச் சொற்களிலேயே அடங்கிவிடும்.

சில ஆண்டுகளில் சாம்ஸ்கி வேறொரு முறையை ஆராய்ந்தார். வாக்கியம் என்பது பெயர்ப் பகுதியும் வினைப் பகுதியும் சேர்ந்தது, அப்பகுதிகள் இன்னின்னவற்றால் ஆனவை என்று விதிகளை அடுக்குவது அம்முறை. இதில் இலக்கணம் விதிகளில் இருக்கிறது, அகராதி எளிமையாகிவிடுகிறது.

இவ்விரண்டில் எது ஆற்றல் மிக்கது? தம் முறையே உயர்ந்தது என்று பார்-ஹில்லெல் வாதாடிக் கொண்டிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. ஒன்றை மற்றொன்றாக மாற்ற முடியுமா என்று ஆராய்ந்தார். கைஃப்மன், ஷமிர் என்னும் இளைஞர் இருவரும் அவருடன் சேர்ந்து உழைத்தனர். 1960-இல் விடை வெளிவந்தது. பின்ன இலக்கணத்தை விதி இலக்கணமாக மாற்றுவது எளிது. ஒவ்வொரு அடிபடுதலையும் ஒரு விதியாக எழுதிவிடலாம். எதிர்த்திசை கடினம், விதிகளில் பொதிந்துள்ள செய்தியை எல்லாம் சொற்களின்மேல் ஏற்றியாக வேண்டும். அதுவும் எப்போதும் இயலும் என்று மூவரும் நிறுவினர்.

இதன் பொருள் என்ன? ஒரு முறை ஏற்கும் வாக்கியங்களை எல்லாம் மற்றதும் ஏற்கும். ஒன்று தள்ளுவதை மற்றதும் தள்ளும். ஆனால் மனித மொழிக்குத் தொடரமைப்பு விதிகள் மட்டும் போதா என்று சாம்ஸ்கி முன்பே வாதிட்டிருந்தார். அக்குறை இப்போது தம் முறைக்கும் வந்து சேர்ந்ததைப் பார்-ஹில்லெல் மறைக்கவில்லை. தாம் கண்ட முறையின் மேல் தாமே தீர்ப்பு எழுதினார்.

அவ்வாண்டில் அவர் எழுதிய மற்றோர் அறிக்கை, மனிதர் துணையின்றிப் பொறியே சிறந்த மொழிபெயர்ப்பைத் தரும் என்னும் நம்பிக்கையை மறுத்தது. ஆங்கிலத்தில் பேனா என்று பொருள்படும் சொல்லுக்குக் குழந்தைகள் விளையாடும் அடைப்பு என்றும் பொருள் உண்டு. பெட்டி அதனுள் இருந்தது என்றால் எதனுள்? பெட்டி பேனாவுக்குள் அடங்காது என்னும் உலக அறிவு இலக்கணத்தில் இல்லையே! கோடிக்கணக்கான வாக்கியங்களைப் பயின்ற இன்றைய பொறிகள் இத்தகைய இடங்களைப் பெரும்பாலும் கடந்துவிடுகின்றன. ஆகவே அவர் கூறியது முழுவதும் பலித்தது என்பதற்கில்லை. எனினும் இடர் இருக்கும் இடத்தை அவர் சரியாகவே சுட்டினார்.

1975-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-இல் எருசலேமில் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய வழி மறையவில்லை. அதே ஆண்டில், புனாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அரவிந்த் ஜோஷி, மரங்களை மரங்களோடு இணைக்கும் புதியதோர் இலக்கணத்தைத் தம் துணைவர்களுடன் வெளியிட்டார். பின்ன இலக்கணமும் புதிய வலிமை பெற்று விரிந்தது. 1994-இல் விஜய்-சங்கர், வெயர் என்னும் அறிஞர் இருவர், இவ்விரண்டையும் சேர்த்து நான்கு இலக்கணங்கள் ஒரே ஆற்றல் உடையவை என நிறுவினர். அவற்றை ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றிக் காட்டியே நிறுவினர்.

நண்பர்களே! நாமும் நாளை ஆய்வேடு எழுதுவோம். நம் முறையே சிறந்தது என்று சொல்ல நா துடிக்கும். அப்போது எதிராளியின் முறையை நம் முறையில் எழுதிப் பார்ப்போம். நம் முறையை அவர் முறையில் எழுதிப் பார்ப்போம். எஞ்சுவது எதுவோ, அதுவே நாம் உண்மையில் கண்டது. ஒன்றும் எஞ்சாவிட்டால் அதையும் துணிந்து எழுதுவோம். பார்-ஹில்லெல் அதைத்தான் செய்தார்.