அம்மை குத்திக் கொண்ட மகாராணி

வெள்ளறடையிலிருந்து பார்த்தால் குமரி மாவட்டம் கூப்பிடு தூரம். 1949 வரை எல்லையின் இரு பக்கமும் திருவிதாங்கூர் ஆட்சிக்குள் இருந்தவை. அந்த சமஸ்தானத்தில் அம்மை குத்துவதைத் தொடங்கி வைத்தவர் மகாராணி கௌரி லட்சுமி பாய்.

1791-ல் பிறந்த இவர், 1810-ல் பலராம வர்மா மகாராஜா காலமானபோது 20 வயதுக்குள் பட்டத்துக்கு வந்தார். வேலுத்தம்பி தளவாயின் கலகம் அடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. கும்பெனிக்குக் கட்ட வேண்டிய பணமோ பாக்கி. 1811-ல் ரெசிடெண்ட் கர்னல் மன்றோவையே திவானாக்கினார். 1812-ல் அடிமைகளை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்தார். ஆனால் நிலத்தோடு கட்டுண்ட புலையர், பறையர் முதலானோருக்கு அந்த விடுதலை எட்டவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

1813-ல் அம்மை குத்தும் ஏற்பாடு வந்தது. வைசூரியை அம்மனின் கோபம் என்று நம்பிய காலம். பால் கட்டிய ஒருவர் கையிலிருந்து எடுத்து அடுத்தவர் கையில் குத்துவது அன்றைய முறை. யார் கையிலிருந்து யார் கைக்கு என்ற சாதிக் கேள்வி எழாமல் இருக்குமா? மகாராணி முதலில் தாமும் அரச குடும்பத்தாரும் குத்திக் கொண்டு ஜனங்களின் பயத்தைப் போக்கினார்.

குத்திய பால் உடம்பில் என்ன செய்கிறது என்பது அன்று எவருக்கும் தெரியாது. எலும்பு மஜ்ஜையில் உண்டாகும் பி செல் என்ற வெள்ளணுக்களில் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட அடையாளத்தை மட்டுமே கண்டுகொள்ளும். மாட்டம்மைக் கிருமி வந்ததும் அதற்குப் பொருந்திய செல்கள், டி செல் என்ற மற்றொரு வகையின் துணையோடு பெருகுகின்றன. அவற்றில் ஒரு பகுதி பிளாஸ்மா செல்லாக மாறும். அதன்பின் அது பெருகாது. ஒரே நோட்டீசை இரவு பகலாக அடிக்கும் அச்சாபீஸ் போல, நொடிக்கு ஆயிரக்கணக்கில் எதிர்ப்புப் பொருளைத் தயாரித்து ரத்தத்தில் விடும். பல சில நாளில் மடியும். சில மஜ்ஜையில் தங்கி ஆண்டுக்கணக்கில் உழைக்கும். மற்றொரு பகுதி நினைவு செல்லாகக் காத்திருக்கும். பெரியம்மைக் கிருமி மாட்டம்மைக்கு நெருங்கிய உறவு ஆகையால், அது நுழைந்ததும் இவை விழித்துக் கொள்ளும்.

சங்கீத உலகம் போற்றும் சுவாதித் திருநாள் இவருக்கு 1813-ல் பிறந்தார். 1815-ல், 25 வயது நிறையுமுன், மகாராணி காலமானார். தங்கை கௌரி பார்வதி பாய் பொறுப்பேற்றார்.

இந்தியாவில் பெரியம்மை 1975-ல் நின்றது. 1980-ல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். அம்மை குத்தி 50 ஆண்டு கடந்தவர்களின் ரத்தத்திலும் அந்த நினைவு செல்கள் இருப்பதை 2003-ல் விஞ்ஞானிகள் கண்டார்கள். நம் வீட்டுப் பெரியவர்களின் கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.